வெயிலை அளந்துவிட்டுப் புல்லை வாங்குங்கள்

மீனாட்சிபுரம் எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் நர்சரி. கிழக்கே போனால் பொள்ளாச்சி, மேற்கே போனால் சித்தூர், பாலக்காடு. இரண்டு பக்கத்துக்கும் 22 வருஷமாகப் புல் போட்டுக் கொடுக்கிறேன். போன இதழில் புல்தரை பற்றிக் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பங்குனி, சித்திரையில் புல்லைப் பறிகொடுத்தவர்களுடையவை. அதனால் இந்த முறை ரோஜாவும் செம்பருத்தியும் காத்திருக்கட்டும், பக்கம் முழுக்கப் புல்தான்.

அம்மிணி, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். வீட்டு முன்னால் 1,200 சதுர அடி காலி இடம். கரிசல் மண், போர் தண்ணீர். திருச்சூரில் மகள் வீட்டில் அகல இலையோடு மெத்தென்று ஒரு புல் இருக்கிறது. அவள் தண்ணீர்கூட அதிகம் விடுவதில்லை. எருமைப்புல் என்கிறார்கள். அதையே இங்கே கொண்டுவந்து போடலாமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

வேண்டாம் ஐயா. அருமையான புல்தான், நம் ஊருக்குத்தான் ஒத்துவராது.

மகள் வீட்டில் இருப்பது அனேகமாக ஆக்ஸோனோபஸ் என்ற புல். அமெரிக்கக் கண்டங்களின் வெப்பமான பகுதிகளிலிருந்து வந்தது. இலை சுண்டுவிரல் அகலம் இருக்கும், நுனி கூர்மை இல்லாமல் மழுங்கியிருக்கும். நிழலைத் தாங்கும், புளிப்பு மண்ணைத் தாங்கும். ஆனால் வேர் ஆழம் போகாது, காலடியில் எப்போதும் ஈரம் வேண்டும். திருச்சூரில் அதற்கு எல்லாமே கிடைக்கிறது. வெட்டுக்கல் மண், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை, வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டரை ஒட்டிய மழையளவு. கொழிஞ்சாம்பாறையில் அதில் பாதிகூடப் பெய்யாது. கேரளத்தில் கரிசல் மண் இருப்பதே சித்தூர் தாலுக்காவில்தான். நம் மண்ணில் சுண்ணாம்பு, தண்ணீரில் உப்பு. அதோடு மார்கழி தொடங்கி மாசி வரை கணவாய் வழியாக அடிக்கும் கிழக்குக் காற்று. துணி அரை மணி நேரத்தில் காய்கிறதே, அந்தக் காற்று புல்லையும் அப்படித்தான் காயவைக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் எருத்தேம்பதிப் பக்கம் ஒரு வீட்டில் இதே புல்லை 800 சதுர அடி போட்டேன். தை மாதம். வீட்டுக்கார அம்மாவுக்கு அந்த அகல இலைதான் பிடித்திருந்தது, நானும் சரி என்றுவிட்டேன். முதல் மூன்று வாரம் கண்ணைப் பறிக்கும் பச்சை. மாசி பிறந்ததும் மதியத்தில் இலை நீளவாக்கில் மடிய ஆரம்பித்தது. ஓரம் பழுப்பேறியது. ஒரு நேரத் தண்ணீரை இரண்டு நேரமாக்கினேன். பங்குனி உத்திரத்துக்குள் வைக்கோல்.

ஒரு பத்தையை, அதாவது வேரும் மண்ணும் சேர்ந்த புல் துண்டை, மெல்லப் பெயர்த்துத் திருப்பிப் பார்த்தேன். வேர் ஒரு விரற்கணு நீளம்கூட இல்லை. மேலே அரை அங்குலம் சேறு, அதற்குக் கீழே கரிசல் கல்லாகக் காய்ந்து விரல் நுழைகிற அளவுக்கு வெடித்திருந்தது. வேர் நுனிகள் அந்த வெடிப்பின் விளிம்பில் பழுப்பாகத் தொங்கின. நான் ஊற்றிய தண்ணீரெல்லாம் வெடிப்பு வழியாகக் கீழே போயிருக்கிறது, புல்லுக்கு எட்டவே இல்லை. அந்த ஆனியில் என் செலவிலேயே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அருகம்புல் ஊன்றினேன். அது இன்றும் இருக்கிறது.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது வெயிலை அளப்பது. ஒரு விடுமுறை நாளில் வாசலில் நான்கைந்து இடத்தில் குச்சி நட்டு, காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை ஒவ்வொரு மணிக்கும் எந்தக் குச்சியில் வெயில், எதில் நிழல் என்று குறியுங்கள். ஆசிரியருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஒரு தாளில் கட்டம் போட்டால் போதும். 6 மணி நேரத்துக்கு மேல் நேர் வெயில் விழும் இடத்துக்கு அருகு வகை. 4 முதல் 6 மணி நேரம் என்றால் கொரியன், மணிலா போன்ற ஸோய்சியா வகைகள். 4 மணி நேரத்துக்கும் குறைவு என்றால், ஈரம் நிற்கும் இடமாக இருந்தால் மட்டும், மகள் வீட்டுப் புல். உங்கள் வாசலில் மரமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அருகுதான்.

அடுத்தது மண். கரிசல் மேல் இரண்டு அங்குலம் செம்மண்ணை விரித்து அதில் புல் போடுவது இப்போது பழக்கமாகிவிட்டது. தயவுசெய்து செய்யாதீர்கள். மழையில் தண்ணீர் இரண்டு மண்ணுக்கும் நடுவில் தங்கி வேர் அழுகும். கோடையில் அடியில் விழும் வெடிப்பு செம்மண்ணையும் கிழித்துக்கொண்டு மேலே வரும். அரை அடி ஆழம் கொத்தி, நன்றாக மக்கிய தொழு உரத்தை இரண்டு அங்குலக் கனத்துக்குக் கொட்டி, அந்த ஆழம் முழுக்கக் கலந்துவிடுங்கள். தென்னைநார்க் கழிவு நம் பக்கம் மலைபோல் கிடைக்கிறது. மக்கியதை மட்டும் வாங்குங்கள், இரண்டு முறை தண்ணீர் விட்டு அலசி உப்பை எடுத்துவிட்டுக் கலக்குங்கள். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு இருக்கட்டும். பிறகு தண்ணீர் விட்டு, ஆறவிட்டு, மிதித்துப் பார்த்து, பள்ளம் விழுந்த இடத்தை நிரவுங்கள். மண் வேலைக்கு இரண்டு வாரம் ஆனால் ஆகட்டும், அதில் அவசரம் காட்டாதீர்கள்.

அக்கா, நர்சரியில் செலக்‌ஷன் ஒன், மெக்சிகன், கொரியன், பெர்முடா என்று அடுக்குகிறார்கள். ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை. எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், பொள்ளாச்சி

தம்பி, பெயரை விடுங்கள். மெக்சிகன் என்று சொல்லி எனக்கே மூன்று விதமான புல் வந்து இறங்கியிருக்கிறது. இலையையும் கொடியையும் கையில் எடுத்துப் பாருங்கள்.

ஒரு இலையை நகத்தால் கிள்ளுங்கள். அருகு என்றால் சட்டென்று கிள்ள வரும், மென்மையாக இருக்கும். ஸோய்சியா வகை என்றால் நார் போல இழுக்கும், நகத்துக்கு மடங்காது. செருப்பைக் கழற்றிவிட்டு மேலே நின்று பாருங்கள், உள்ளங்காலில் மெல்லக் குத்தினால் அதுவும் ஸோய்சியாதான். அடுத்து ஒரு பத்தையைப் பக்கவாட்டில் பாருங்கள். மண்ணுக்கு மேல் ஓடும் கொடி ஒன்று, மண்ணுக்குள் வெள்ளையாக ஓடும் தண்டு ஒன்று என இரண்டும் அருகில் உண்டு. ஆக்ஸோனோபஸில் கொடி தட்டையாக இருக்கும், மேலேயே ஓடும். அருகு வெயிலில் கருகினாலும் மறுபடி எழுந்துவருவது அந்த உள் தண்டால்தான். ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அந்த வேரோட்டம் இதுதான்.

செலக்‌ஷன் ஒன் என்பது பெரும்பாலும் அருகிலேயே சன்ன இலையாகப் பார்த்துத் தெரிந்தெடுத்தது. நம் வரப்பில் கிடக்கும் அருகுக்குத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெர்முடாவும் அருகுதான், வேற்றூர்ப் பெயர். அதில் டிஃப்வே என்று ஒன்று விளையாட்டு மைதானங்களுக்குப் போகிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் என்ற ஊரில், கிளென் பர்ட்டன் என்ற பயிர்ப் பெருக்க விஞ்ஞானி உருவாக்கி 1960-ல் வெளியிட்டது. நம் அருகையும் ஆப்பிரிக்க அருகு ஒன்றையும் சேர்த்துப் பிறந்த கலப்பு. அது விதை பிடிக்காது, தண்டாகவோ பத்தையாகவோதான் பரப்ப முடியும். டிஃப்வே விதைப் பாக்கெட் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

பர்ட்டன் பெயரை நான் மறக்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் புல் இல்லை, கம்பு. இந்தியாவின் முதல் ஒட்டுக் கம்பு எச்.பி.1, 1965-ல் வந்தது. அதன் தாய் வரிசை டிஃப்ட் 23ஏ, அதே டிஃப்டனில் அவர் உருவாக்கியது. என் அப்பாவின் காட்டில் ஒட்டுக் கம்பு விளைந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். கம்பும் அருகும் சோளமும் கரும்பும் வெயிலை ஒரே வழியில் கையாளும் பயிர்கள். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை முதலில் செறிவாகச் சேர்த்துக்கொண்டு, அப்புறம் சர்க்கரையாக்கும். இலைத் துளைகளைப் பாதி மூடிக்கொண்டே வேலை செய்யலாம், தண்ணீர் வீணாகாது. 1966-ல் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் இந்த வழியைக் கரும்பில் விளக்கிக் காட்டினார்கள். 30, 35 டிகிரியில் மற்ற செடி சோர்ந்து நிற்கும்போது இவை வளர்வது அதனால்தான்.

கொரியன் பற்றி ஒரு வார்த்தை. தலைமுடி போல மெல்லிய இலை, தானே திண்டு திண்டாக மேடு கட்டும். பார்க்க அழகு. ஆனால் மெல்ல வளரும். துண்டு துண்டாக நட்டால் இடம் மூட ஒரு வருஷம்கூட ஆகும். குழந்தைகள் பந்து விளையாடித் தேய்த்துவிட்டால் ஆறவும் அதே காலம் பிடிக்கும். உங்கள் வீட்டில் இரண்டு பையன்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். செலக்‌ஷன் ஒன் வாங்குங்கள்.

அக்கா, தென்னந்தோப்புக்குள் இரண்டு அறை கட்டி விருந்தினருக்கு விடுகிறோம். மரங்களுக்கு 12 வயது. நடுவில் செலக்‌ஷன் ஒன் போட்டோம், நூல் நூலாக நீண்டு வெளிறிப் போய்விட்டது. அதோடு இலையெல்லாம் கரி பூசியதுபோல் ஆகிவிட்டது. மருந்துக் கடையில் பூஞ்சாண மருந்து கொடுத்தார்கள், இரண்டு முறை அடித்தும் போகவில்லை.
– வாசகி, ஆனைமலை

அம்மிணி, இதில் இரண்டு சங்கதி இருக்கிறது.

வெளிறி நீண்டது நிழலால். தென்னை எட்டு வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரை கீழே வெயிலை அதிகம் விடாது. அதற்குப் பிறகு மரம் உயர்ந்து, ஓலைகளுக்கிடையே வெளிச்சம் மறுபடி இறங்கும். உங்கள் மரங்களுக்கு இப்போதுதான் அடர்ந்த பருவம். அருகுக்கு அங்கே வேலையில்லை. கொழிஞ்சாம்பாறை ஐயாவிடம் நான் வேண்டாம் என்ற அதே அகல இலைப் புல் உங்களுக்குப் பொருந்தும். வாய்க்கால் ஈரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, காற்றைத் தோப்பே தடுத்துவிடும். மரத்தைச் சுற்றி ஆறடி வட்டத்துக்குள் மட்டும் புல் வேண்டாம், அங்கேதான் மரத்துக்கு உரம் வைக்க வேண்டும். மட்டை விழும் இடத்தில் ஆட்கள் உட்காரும் பெஞ்சையும் போடாதீர்கள்.

கரி பூசியது புல்லின் நோயே இல்லை. அண்ணாந்து பாருங்கள், ஓலையின் அடியில் வெள்ளைச் சுருள் சுருளாக மெழுகு ஒட்டியிருக்கும். சுருள் வெள்ளை ஈ. இந்தியாவில் முதன்முதலாக 2016-ல் நம் பொள்ளாச்சியில்தான் கண்டார்கள். அது ஓலைச் சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன் போன்ற கழிவைக் கீழே சொட்டும். காலையில் புல்லைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும். அந்த இனிப்பின் மேல்தான் கரும்பூசணம் படர்கிறது, புல்லுக்குள் அது போகவில்லை. அதனால்தான் மருந்து கேட்கவில்லை.

புல்லைக் குழாயில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், காலை நேரத்தில். ஓலைகளில் இருக்கும் கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்துத் தெளித்தால், வெயிலில் அது செதில் செதிலாக உரிந்து விழும். மரத்தில் மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். பூச்சிக்கொல்லி அடிக்க வேண்டாம். வெள்ளை ஈயைத் தின்று அழிக்கும் எறும்பளவுகூட இல்லாத ஒரு ஒட்டுண்ணிக் குளவி, என்கார்சியா, தோப்பில் தானாகவே பெருகி வரும். மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான்.

புல்லுக்கு தினமும் தண்ணீர் விடுகிறேன், யூரியாவும் போட்டேன். ஆனாலும் மஞ்சள். என்ன குறை?
– வாசகர், வடகரப்பதி

எந்த இலை மஞ்சள் என்று நீங்கள் எழுதவில்லை. முற்றிய இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை, யூரியா போட்டதும் சரியாகியிருக்கும். சரியாகவில்லை என்பதால் குருத்துதான் மஞ்சள் என்று நினைக்கிறேன். ஒரு குருத்திலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்பு பச்சைக் கோடாகவும் நடுவில் மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச் சத்து எட்டவில்லை. உங்கள் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு கலந்த கரிசலும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து அதைப் பூட்டி வைத்திருக்கின்றன. தினமும் தண்ணீர் விடுவது பூட்டை இன்னும் இறுக்கும், மண்ணுக்குள் காற்று இல்லாமல் வேர் இரும்பை எடுக்காது.

அன்னபேதி என்று நாட்டு மருந்துக் கடையிலும் உரக் கடையிலும் கேளுங்கள், ஃபெரஸ் சல்பேட். லிட்டருக்கு 5 கிராம், அதோடு ஒரு கிராம் சிட்ரிக் அமிலம். மழைத் தண்ணீர் சேர்த்து வைத்திருந்தால் அதில் கரைப்பது நல்லது. பச்சை நிறமாகக் கரைந்தால் சரி, துருநிறமாக மாறினால் வீண். வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். டைல்ஸிலும் சிமெண்டுத் தரையிலும் படாமல் பாருங்கள், துருக்கறை ஏறினால் சுலபத்தில் போகாது. ஐந்தாறு நாளில் நிறம் திரும்பும். பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை.

தண்ணீரை மூன்று நாளுக்கு ஒருமுறை ஆக்குங்கள், ஆனால் ஆழமாக. பழைய கத்தியை மண்ணில் குத்திப் பாருங்கள், நான்கு அங்குலம் தடையில்லாமல் இறங்கினால் தண்ணீர் போதும்.

பத்தை போட்டு இரண்டே மாதத்தில் கோரை குத்திட்டு நிற்கிறது. பிடுங்கப் பிடுங்க இரண்டாக வருகிறது.
– வாசகி, கோவிந்தாபுரம்

பிடுங்குவதால்தான் இரண்டாக வருகிறது அம்மிணி. மண்ணுக்குள் கோரைக் கிழங்குகள் மணி கோத்ததுபோல் ஒரு சரத்தில் இருக்கும். நுனிக் கிழங்கு முளைத்திருக்கும்போது மற்றவை தூங்கும். நீங்கள் இலையைப் பிடுங்கியதும் சரம் அறுகிறது, தூங்கியதெல்லாம் எழுந்துகொள்கின்றன.

இது பத்தையோடு வந்ததா, உங்கள் மண்ணிலேயே இருந்ததா என்று பார்க்க வேண்டும். எனக்கு ஒரு முறை வெளியூரிலிருந்து லாரி நிறையப் பத்தை வந்தது. மேலே பட்டு போல இருந்தது. இறக்கி அடுக்கியபிறகுதான் ஒன்றைத் திருப்பினேன், அடியில் கறுப்புக் கிழங்குகள். அன்றிலிருந்து பத்துப் பத்தையாவது திருப்பிப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள்.

இப்போது இருப்பதைக் குறுகிய களைக்கொத்தால், மண் ஈரமாக இருக்கும்போது, கிழங்கோடு கிளப்புங்கள். சலிக்காமல் வாரம் ஒருமுறை. ஆறேழு மாதத்தில் கிழங்கு தளர்ந்துவிடும். புதிதாகப் போடுகிறவர்களுக்குச் சொல்வது: கோடையில் நிலத்தை ஆழக் கொத்திப் புரட்டிவிட்டுச் சித்திரை வெயிலில் காயவிடுங்கள். கிழங்கு காய்ந்தால் சாகும். பிறகு தண்ணீர் விட்டு முளைக்கவைத்து, மறுபடி கிளறி எடுங்கள். இரண்டு சுற்று இப்படிச் செய்தபின்தான் புல். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேரளப் பக்கம் 2019-லேயே விற்பனையையும் பயன்பாட்டையும் நிறுத்தினார்கள். மத்திய அரசும் 2022 அக்டோபரில், பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் வழியாக மட்டுமே என்று கட்டுப்படுத்தியது. எப்படியும் அது கோரையையும் அருகையும் பிரித்துப் பார்க்காது, இரண்டையும் கொன்றுவிடும்.

ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தேன், புல் முழங்கால் உயரம். ஆள் வைத்து ஒட்ட வெட்டினேன். இப்போது தரை முழுக்கப் பழுப்பாக இருக்கிறது. செத்துவிட்டதா?
– வாசகர், கோபாலபுரம்

சாகவில்லை. அடியில் வெளிச்சம் படாத தண்டெல்லாம் ஒரே நாளில் வெயிலுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். மூன்று வாரம் தண்ணீர் மட்டும் கொடுங்கள். 1,000 சதுர அடிக்கு அரைக் கிலோ யூரியா, துளிர் எழுந்தபின் ஒருமுறை. போட்டவுடன் தண்ணீர் விட்டுக் கரைத்துவிட வேண்டும், இல்லையென்றால் குருணை பட்ட இடம் பொட்டுப் பொட்டாகக் கருகும்.

இனிமேல் எப்போது வெட்டினாலும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். ரொம்ப வளர்ந்துவிட்டால் நான்கு நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று தவணையாக இறக்குங்கள். அருகு ஒரு அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம், அகல இலைப் புல் இரண்டு அங்குலம். கோடையில் எல்லாவற்றையும் அரை அங்குலம் கூட்டி விடுங்கள், இலை மண்ணுக்கு நிழல் கொடுக்கும். வெட்டிய மறுநாள் இலை நுனி வெள்ளையாக நார் நாராக இருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம்.

வாசலில் போட்ட அருகையே ஜூஸ் போட்டுக் குடிக்கலாமா?
– வாசகி, ஜமீன் ஊத்துக்குளி

வேண்டாம். யூரியா, மருந்து, நாய், செருப்பு எல்லாம் படுகிற இடம். ஒரு தொட்டியில் தனியாக வளர்த்துக்கொள்ளுங்கள், பிள்ளையாருக்கும் ஆகும்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டைச் சுற்றி 3,000 சதுர அடிக்கு லான் போடச் சொல்கிறான். பணம் அனுப்புகிறேன் என்கிறான். கோடையில் எங்களுக்கே டேங்கர் தண்ணீர்தான். அவன் ஆசையைக் கெடுக்கவும் மனசில்லை. என்ன செய்யட்டும் கண்ணு?
– வாசகி, வேலந்தாவளம்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணக்கை எழுதித் தருகிறேன், மகனுக்கு அப்படியே அனுப்புங்கள்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். நம் ஊர்க் கோடையில் நல்ல பச்சையாக இருக்க அருகுக்கே நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டராவது வேண்டும். 3,000 சதுர அடி என்பது ஏறக்குறைய 280 சதுர மீட்டர். நாளுக்கு 1,100 லிட்டருக்குக் குறையாது. 6,000 லிட்டர் டேங்கர் ஒன்று ஐந்து நாளைக்கு, புல்லுக்கு மட்டும். மாசி முதல் வைகாசி வரை வாரத்துக்கு ஒன்றரை டேங்கர் வாங்க வேண்டும். ஆழியாற்றிலிருந்து மணக்கடவுக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும் என்ற தமிழ்நாடு-கேரள ஒப்பந்தத்தை வைத்துத்தான் சித்தூர்ப் பக்கத்து வயல்கள் நாற்று விடுகின்றன. அந்தத் தண்ணீருக்கே வருஷா வருஷம் பேச்சுவார்த்தை நடக்கும் ஊரில் 3,000 சதுர அடி லானுக்கு நான் பத்தை கொடுக்க மாட்டேன்.

திண்ணைக்கு எதிரே 400 சதுர அடி மட்டும் போடுங்கள். நாளுக்கு 150 லிட்டர். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரும் துணி அலசிய கடைசித் தண்ணீரும் அதில் ஒரு பங்கைத் தாங்கும். சோப்பு நுரை உள்ள முதல் தண்ணீர் வேண்டாம், கரிசலை இறுக்கிவிடும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரும் வேண்டாம், உப்பு செறிந்தது. விடியற்காலையில் ஊற்றுங்கள். மதியம் ஊற்றினால் காற்று குடித்துவிடும், இரவில் ஊற்றினால் இலை விடிய விடிய நனைந்து பூஞ்சாணம் பிடிக்கும்.

தண்ணீர் சுத்தமாக இல்லாத வருஷமும் வரும். அப்போது புல்லைப் பழுக்க விட்டுவிடுங்கள், பயப்படாதீர்கள். அருகு உறங்கப் போகும், சாகாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்த 400 சதுர அடிக்கு 400 லிட்டர் காட்டினால் கணுக்கள் உயிரோடு இருக்கும். அந்த நாட்களில் அதன் மேல் நடக்கவோ காரை நிறுத்தவோ கூடாது, உரமும் கூடாது. முதல் மழைக்கு ஒரு வாரத்தில் பச்சை எழும்பும்.

மீதி இடத்தில் வேம்பும் புங்கனும் வையுங்கள், மகன் ஊருக்கு வரும்போது கட்டில் போட்டு உட்கார நிழல் வேண்டுமே. பத்தை வாங்கப் பணம் செலவு செய்யவும் வேண்டாம். ஆனியில் மேற்கு மழை பிடித்ததும் ஆள் யாரையாவது நர்சரிக்கு அனுப்புங்கள், ஒரு சாக்கு அருகந்தண்டு தருகிறேன். இரண்டு கணு மண்ணுக்குள், ஒரு கணு வெளியே என்று அரையடிக்கு ஒன்றாகச் சாய்த்து ஊன்றி, காலால் மிதித்துவிட்டால் போதும். ஆடிக் காற்றில் தண்டு காயாமல் முதல் பத்து நாள் மட்டும் காலையும் மாலையும் தெளியுங்கள். ஐப்பசி மழைக்குள் தரை மூடிவிடும்.